வெப்பமானிக்குத் தெரியாத சூடு

ஆலங்குளம் என்னும் ஊரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதில் சேர்ந்தது. இந்த வட்டாரத்துத் தெருக்களில் நடந்தால், வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைக் காணலாம்.

அப்படிப்பட்ட ஒரு திண்ணையில் நடக்கும் பேச்சைக் கற்பனை செய்துகொள்வோம். மே மாதத்து மாலை நேரம். ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் போக இருக்கும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிறான்.

"என்னய்யா, ஒரு வாரமா இருமிக்கிட்டே இருக்க? உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. உடம்புல சூடு ஏறிப்போச்சு. நாளைக்கு எண்ணெய் தேச்சுக் குளி. நுங்கு வாங்கித் தாரேன். சீசன் வந்ததும் குற்றாலத்துக்குப் போயி அருவியில தலையைக் காட்டுனா எல்லாம் இறங்கிரும்."

"சரி ஆச்சி" என்கிறான் பேரன்.

ஆச்சிக்குத் தெரியாத ஒன்று அவனுடைய பைக்குள் இருக்கிறது. பார்ப்பதற்குப் பேனா போன்ற ஒரு கருவி. நண்பன் கொடுத்தது. வாயில் வைத்து உறிஞ்சினால் புதினா மணத்தோடு வெண்புகை வரும். 'வேப்' என்றும் மின்சிகரெட் என்றும் சொல்வார்கள். "பீடிதாம்ல சூடு. இதுல நெருப்பே கிடையாது. தொண்டையில குளுகுளுன்னு இருக்கும் பாரு" என்று சொல்லித்தான் நண்பன் கொடுத்தான்.

இப்போது நம்முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. ஆச்சி சொல்லும் சூடு எது? நண்பன் சொல்லும் குளிர்ச்சி எது? நுங்கும் அருவியும் இந்த இருமலைத் தீர்க்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெப்பமானி என்ன சொல்கிறது?

பேரனின் நாக்குக்கு அடியில் மருத்துவ வெப்பமானியை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் காட்டும். அவனுக்குக் காய்ச்சல் இல்லை. நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. உடலின் உள்வெப்பத்தைக் காவல் காப்பது அதுதான். வெயிலில் நடந்தால் வியர்வையைச் சுரக்கச் செய்யும். குளிரில் நின்றால் தசைகளை நடுங்கச் செய்யும். குற்றாலத்து அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வெளியே வருபவருக்கும் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிர்ந்தது பெரும்பாலும் அவருடைய தோல்தான்.

அப்படியானால் ஆச்சி சொன்ன 'சூடு' பொய்யா? அவசரப்பட வேண்டாம்.

நம் வீடுகளில் 'சூடு' என்று எதையெல்லாம் சொல்கிறோம்? கண் எரிச்சல், வாய்ப்புண், உதடு வெடித்தல், தொண்டை வறட்சி, நீர்க்கடுப்பு. இவை எல்லாம் மெய்யாகவே உடலில் தோன்றும் அறிகுறிகள். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைக் கூறுகிறது. வெப்பத்தைப் பித்தத்தோடு சேர்த்துப் பேசுகிறது. சூடு என்னும் சொல் வெப்பமானியில் ஏறும் டிகிரியைக் குறிப்பதில்லை. ஒன்றாகச் சேர்ந்து வரும் சில அறிகுறிகளுக்கு நம் முன்னோர் வைத்த பொதுப் பெயர் அது.

சில நேரங்களில் ஆச்சியின் வைத்தியம் பலிக்கவும் செய்கிறது. கோடையில் நிறைய வியர்த்து, தண்ணீரும் போதிய அளவு குடிக்காவிட்டால், சிறுநீர் செறிவாகிக் கடுக்கும். அப்போது இளநீரோ மோரோ நுங்கோ உடலுக்கு நீரைக் கொடுக்கின்றன. சிறுநீர் நீர்த்துப்போகிறது, கடுப்பும் குறைகிறது. 'சூடு தணிந்தது' என்கிறோம். உண்மையில் தணிந்தது நீர்ப் பற்றாக்குறை.

சீனத்திலும் ஒரு சூடு

இந்தப் பேச்சு நம் நாட்டில் மட்டும்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். சீன மக்களும் இதையே சொல்கிறார்கள்! அவர்களுடைய சொல் 'ஷாங்ஹுவோ'. 'நெருப்பு மேலேறுதல்' என்று பொருள். வாய்ப்புண், தொண்டைவலி, ஈறு வீக்கம், முகப்பரு ஆகியவை அதன் அடையாளங்கள். பொரித்த பண்டங்கள், காரம், லிச்சிப் பழம், தூக்கமின்மை ஆகியவை நெருப்பை ஏற்றும் என்கிறார்கள். நாம் மாம்பழத்தைச் சூடு என்றும் மோரைக் குளிர்ச்சி என்றும் பிரிப்பதுபோல, சீன மருத்துவமும் உணவுகளைக் குளிர்ந்தவை, சூடானவை என்று வகைப்படுத்துகிறது. தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் நெருப்பைத் தணிக்க மூலிகைக் கஷாயம் விற்கும் கடைகள் உண்டு. அதன் பெயர் 'லியாங்சா'; குளிர்ச்சித் தேநீர் என்று சொல்லலாம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கடலோடிகள் மூலமாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித்தான் சீனத்திலும் இந்தியாவிலும் பரவத் தொடங்கியது. புதிதாக வந்த இந்த இலையை எந்த வகையில் சேர்ப்பது? 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ஜாங் ஜியேபின் என்னும் சீன மருத்துவர் இதைக் காரமும் வெம்மையும் உடைய பொருள் என்று வகைப்படுத்தினார். நம் ஊரிலும் பீடியைச் 'சூடு' என்றுதான் சொல்கிறார்கள். வெகு தொலைவில் வாழ்ந்த இரு மக்கள், புகைப்பவரிடம் ஒரே வறட்சியையும் இருமலையும் கண்டு, ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

கவனித்தது சரி. ஆனால் இந்த வறட்சி எதனால் வருகிறது? அங்கேதான் விஞ்ஞானத்தின் வேலை தொடங்குகிறது.

விரல் நுனி குளிர்கிறது!

சிகரெட்டை இழுக்கும்போது அதன் எரியும் முனையில் வெப்பநிலை சுமார் 900 டிகிரி செல்சியஸை எட்டும். பீடியோ எளிதில் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும். எனவே புகைப்பவரின் உடலும் சூடாகும் என்று தோன்றுகிறது அல்லவா? அவருடைய விரல் நுனியின் வெப்பத்தை அளந்து பாருங்கள். ஏறுவதற்குப் பதிலாக இறங்கும்!

இந்த வேடிக்கைக்குக் காரணம் நிக்கோட்டின். புகையிலையில் உள்ள இந்தப் பொருள், நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் வெளிப்படுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்களுக்கு வெதுவெதுப்பான இரத்தம் குறைவாகப் போவதால் அவை குளிர்கின்றன. 'சூடான' புகையிலை விரலைக் குளிரச் செய்கிறது! சூடு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த உண்மை நமக்குப் பிடிபடாது.

பேனாவுக்குள் என்ன இருக்கிறது?

மின்சிகரெட்டும் சீனத்தோடு தொடர்புடையதுதான். 2003ஆம் ஆண்டில் ஹோன் லிக் என்னும் சீன மருந்தியலார் இன்றைய மின்சிகரெட்டின் முன்னோடியை உருவாக்கினார். அவர் கடுமையாகப் புகைத்து வந்தவர். புகைப்பழக்கம் உடைய அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இன்றைய கருவியைத் திறந்து பார்த்தால் ஒரு மின்கலம், ஒரு உலோகக் கம்பிச் சுருள், பஞ்சுத் திரி, கொஞ்சம் திரவம் ஆகியவை இருக்கும். உறிஞ்சும்போது மின்சாரம் பாய்ந்து கம்பிச் சுருள் சூடாகும். திரியில் ஊறிய திரவம் ஆவியாகும். அந்த ஆவி காற்றில் குளிர்ந்து நுண்ணிய துளிகளாக மாறும். கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் நீராவி சற்றுத் தள்ளி வெண்மையாகத் தெரிகிறதே, அதுபோலத்தான். ஆகவே வெளியே வரும் வெண்புகை வெறும் நீராவி அன்று, திரவத்தின் நுண்துளிகள்.

திரவத்தின் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். முன்னது 188 டிகிரியிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிக்கும். இவற்றோடு பெரும்பாலும் நிக்கோட்டினும், மணப்பொருள்களும் சேர்த்திருப்பார்கள். நெருப்பு இல்லை என்று நண்பன் சொன்னது மெய்தான். ஆனால் சூடு இல்லாமல் இந்தக் கருவி வேலையே செய்யாது.

இந்த இரு திரவங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: ஈரத்தை உறிஞ்சும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தட்டில் சிறிது கிளிசரினை ஊற்றித் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சாரல் வீசும் நாளில் அதைத் திறந்தே வைத்து, மறுநாள் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருக்கும். காற்றிலிருந்த ஈரத்தைக் கிளிசரின் இழுத்துக்கொண்டதுதான் காரணம். இதே திரவங்களின் துளிகள் வாயிலும் தொண்டையிலும் படியும்போது அங்குள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்கின்றன. அதனால் வாய் உலர்கிறது, தொண்டை வறண்டு அரிக்கிறது, இருமல் வருகிறது.

சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் இன்னொரு தொல்லையும் உண்டு. அடுக்களையில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி எழுமே, நினைவிருக்கிறதா? அக்ரோலீன் என்னும் பொருளுக்கு அதில் பங்கு உண்டு. எண்ணெயில் உள்ள கிளிசரின் பகுதி சிதைவதால் அது உண்டாகிறது. மின்சிகரெட்டின் கிளிசரின் மிகையாகச் சூடேறும்போதும் அக்ரோலீன் தோன்றலாம். அதனோடு ஃபார்மால்டிஹைடும் உண்டாகலாம். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின், இந்த ஃபார்மால்டிஹைடை நீரில் கரைத்த கரைசல்தான்.

ஆக, ஆச்சி கண்ட வறட்சி மெய். அதற்குக் காரணம் கோடை வெயில் அன்று; பைக்குள் இருக்கும் பேனா.

குளுகுளுவென்று இருப்பது ஏன்?

இப்போது நண்பனின் வாதத்துக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சிறு சோதனை. மூன்று பாத்திரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கை பொறுக்கும் அளவு சூடான நீர், நடுவில் உள்ளதில் வெதுவெதுப்பான நீர். இடக்கையைக் குளிர்நீரிலும் வலக்கையைச் சூடான நீரிலும் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு கைகளையும் நடுப்பாத்திரத்தில் விடுங்கள். இடக்கை 'சூடு' என்னும். வலக்கை 'குளிர்ச்சி' என்னும். இருப்பதோ ஒரே நீர்! நம் புலன் ஒரு நல்ல தூதன். ஆனால் வெப்பமானி ஆகாது.

புதினா வகைகளில் உள்ள மென்தால் இந்தத் தூதனை ஏமாற்றுகிறது. நம் தோலிலும் வாயிலும் குளிரை உணர்த்தும் நரம்புகள் உண்டு. அவற்றின் முனையில் நுண்ணிய கதவு போன்ற ஒரு புரதம் இருக்கிறது. வெப்பநிலை குறைந்தால் அந்தக் கதவு திறக்கும். மூளைக்குக் 'குளிர்' என்று செய்தி போகும். மென்தால் பட்டாலும் அதே கதவு திறந்துவிடும். அங்கே ஒரு டிகிரிகூடக் குறையாவிட்டாலும் மூளை குளிர்ச்சியை உணரும். தலைவலிக்குத் தைலம் தடவினால் நெற்றி சில்லென்று இருப்பது இதனால்தான். மிளகாயிலுள்ள கேப்சைசின் சூட்டை உணர்த்தும் கதவைத் திறக்கிறது. அதனால்தான் காரம் 'சுடுகிறது'. இந்தக் கதவுகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடு உணர்வுக்கான கதவுகளையும் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியான் ஆகிய இருவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

நிக்கோட்டின் கலந்த புகை தொண்டையில் காரும். அந்தக் காரலும் இருமலும் 'உள்ளே வராதே' என்று உடல் விடுக்கும் எச்சரிக்கை. மென்தால் அந்த எச்சரிக்கையை மழுங்கச் செய்கிறது. நிக்கோட்டினோடு ஓர் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றிக் காரலைக் குறைக்கும் முறையும் உண்டு. இதனால், பழக்கமில்லாத சிறுவனும் இருமாமல் நிறைய நிக்கோட்டினை உள்ளே இழுத்துவிட முடிகிறது. குளிர்ச்சி என்று நண்பன் புகழ்ந்தது உண்மையில் வாயிற்காவலனுக்குக் கொடுத்த மயக்க மருந்து!

வயிறு வேறு, நுரையீரல் வேறு

"கிளிசரினும் மணப்பொருளும் தின்பண்டங்களில்கூடச் சேர்ப்பவைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வயிற்றுக்குள் போகும் பொருளை அமிலமும் கல்லீரலும் சோதித்த பிறகே உடல் ஏற்கிறது. நுரையீரலுக்கு அத்தகைய சோதனைச் சாவடி இல்லை. அதன் காற்றுப்பைகளை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். அதன் சுவர் மிக மெல்லியது. அதைத் தாண்டினால் இரத்தம்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சோளப்பொரி தயாரிக்கும் ஆலையில் வேலை செய்த சிலருக்கு மீளமுடியாத நுரையீரல் நோய் வந்திருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டைல் என்னும் பொருளின் ஆவியே காரணமாகக் காணப்பட்டது. அதே பொரியைத் தின்றவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்கு வந்தது. சில மின்சிகரெட் திரவங்களிலும் டைஅசெட்டைல் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது.

2019ஆம் ஆண்டில் அதே நாட்டில் மின்சிகரெட் பிடித்தவர்களிடையே கடும் நுரையீரல் பாதிப்பு திடீரெனப் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டே முக்கியக் காரணம் என்று ஆய்வு காட்டியது. வைட்டமின் ஈ தின்றால் சத்து. அதன் எண்ணெய் போன்ற இந்த வடிவம் நுரையீரலுக்குள் போனால் கேடு.

நம் நாட்டில் மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது ஆகியவற்றை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதல் முறை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே யாராவது ஒளித்து விற்றால், அந்தத் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்ல எவரும் இல்லை.

"எப்படியும் பீடியைவிடக் கேடு குறைவுதானே?" என்பது அடுத்த கேள்வி. எதுவும் எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் மின்சிகரெட்டில் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நம் பேரன் பீடி பிடிப்பவன் அல்லன். அவன் அதுவரை சுவாசித்தது சாதாரணக் காற்று. ஆகவே ஒப்பிட வேண்டியது காற்றோடுதான். மேலும் மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் மூளையை நிக்கோட்டின் எளிதில் அடிமையாக்கிவிடும்.

ஆச்சியின் கைகள்

திண்ணைக்குத் திரும்புவோம். ஆச்சி தம் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனால் தட்டில் இருக்கும் தூள் புகையிலைதானே? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதற்காக நாள் முழுதும் குனிந்த முதுகோடு, தூளை விரலால் எடுத்து இலையில் வைத்துச் சுற்றி, நூலால் கட்டுகிறார். தூள் காற்றில் பறந்து மூச்சோடு போகிறது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும். பீடி சுற்றுவோரின் சிறுநீரில், உடலுக்குள் நிக்கோட்டின் மாறி உண்டாகும் பொருளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் இருமலையும் கண் எரிச்சலையும்கூட வீட்டில் 'சூடு' என்றே சொல்லிவிடுவதுண்டு.

இதற்கும் நுங்கு மருந்தாகாது. காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து சுற்றுவது, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுவது, தூளையும் இலையையும் சமைக்கும் இடத்திலும் குழந்தைகள் பக்கத்திலும் வைக்காதிருப்பது ஆகியவை பயன் தரும். உங்கள் வீட்டில் ஆச்சியோ அம்மாவோ பீடி சுற்றினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். தூள் பறக்காமல் தட்டை மூடி வைக்க நீங்களே உதவலாம்.

பேரன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆச்சி சூடு என்று நினைத்து நுங்கு வாங்கப் போகிறார். பேனா பைக்குள்ளேயே இருந்தால் வறட்சியும் இருமலும் போகப்போவதில்லை. அருவியில் குளித்தால் தோல் குளிரும். நுரையீரலில் படிந்தது கழுவப்படாது. மருத்துவரிடம் போனாலும், கருவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் சளிக்கோ ஒவ்வாமைக்கோதான் மருந்து கொடுப்பார். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பழக்கத்தை விடும்போது முதல் சில நாட்கள் எரிச்சலும் தலைவலியும் அமைதியின்மையும் வரும். நிக்கோட்டின் இல்லாமல் இருக்க மூளை கற்றுக்கொள்ளும் காலம் அது. சில வாரங்களில் தணிந்துவிடும். தனியாக முடியாவிட்டால், புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது.

'சூடு' என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். "எதனால்?" என்று கேளுங்கள். தண்ணீர் குறைவாலா? காய்ச்சலாலா? தூளாலா? புகையாலா? காரணம் தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக அமையும்.

மறுநாள் காலையில் ஆச்சி நுங்கோடு வருவார். பேரன் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல உணவுதான். அதற்குமுன் பையைத் திறந்து அந்தப் பேனாவை ஆச்சியின் கையில் கொடுத்துவிட வேண்டும். திட்டு விழத்தான் செய்யும். ஆனால் இருமலுக்குக் காரணம் என்னவென்று அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.